ஆறாம் நாள் சாட்சிகள்

செங்கரைப் பாளையத்தைக் கொழுந்துராயர் ஆண்ட காலத்தில் அரண்மனை வாசலில் ஒரு கல் நட்டிருந்தது. கண்கண்ட சாட்சி இல்லாமல் இங்கே தீர்ப்பு இல்லை என்று அதில் வெட்டியிருந்தது. ராஜாவுக்குத் தன் நாட்டைவிட அந்தக் கல்மேல்தான் பிரியம். திருடனும் மாடும் சேர்ந்தே பிடிபட்டாலும், திருடியதைப் பார்த்தவன் வந்தால்தான் வழக்கு நடக்கும். அதுவரை மாட்டுக்குப் புல்லும் திருடனுக்குச் சோறும் அரண்மனைச் செலவு.

அந்தக் கல்லைத் தாண்டி ஒரு நாள் கிருபை என்ற பெண் வந்தாள். பின்னால் கிறிஸ்தவ வேதம் போதிக்கும் இரண்டு உபதேசியார்கள், ஆளுக்கொரு வேதபுத்தகத்தை அணைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள்.

கிருபையின் வழக்கு இதுதான். கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்பவர் உண்டா என்று கேட்பார்கள். மூன்றாம் ஓலையில் தடை வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிருபைக்கும் ஆற்றுக்கு அக்கரைப் பாக்கியநாதனுக்கும் ஏழு மாதமாக ஓலை வாசிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்றாம் ஓலையில் தடை. அதைச் சொல்வது வேறு யாருமில்லை, இந்த இரண்டு உபதேசியார்கள்தான்.

காரணம் ஒரே ஒரு பேச்சு. மனிதனைப் படைக்கும் முன் கடவுள், 'நமது சாயலில் உண்டாக்குவோம்' என்று சொன்னாராம். ஒருவராக இருப்பவர் 'நமது' என்றது ஏன்? பிதா, சுதன், ஆவி என்று மூவராய் நின்று பேசியது அது என்றார் இக்கரை மாசிலாமணி உபதேசியார். சுற்றி நின்ற தேவதூதர்களைப் பார்த்துச் சொன்னது என்றார் அக்கரை சுவிசேஷமுத்து உபதேசியார். அர்த்தம் தெரியாத வீட்டில் சம்பந்தம் கூடாது என்பது இருவர் கட்சியும்.

"கல்யாண விருந்துக்கு வளர்த்த குஞ்சு பெரிய சேவலாகி ஊரை எழுப்புது, மகாராஜா. திங்கட்கிழமை அவர் வேலைக்கு இலங்கைக்குத் தோணி ஏறணும். கல்யாணம் முடிஞ்சா நானும் கூடப் போவேன். முடியலைன்னா அவர் திரும்ப மூணு வருஷம் ஆகும்" என்றாள் கிருபை. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

ராஜா தாடையைத் தடவினார். "நாமும்தான் 'நாம்' என்கிறோம். தனியாகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்?" என்றார். அதுவும் தப்பு என்று சொல்ல இருவருக்கும் நாக்குத் துடித்தது. சேவகன் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்துத் துடிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ராஜா சபைப் புலவர் குழைக்காதர் பக்கம் திரும்பினார். அந்தப் பேச்சை நேரில் கேட்ட சாட்சி நாளைக் காலை சபைக்கு வரவேண்டும், வராவிட்டால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்றார். குழைக்காதர் பதறவில்லை. உபதேசியாரிடம் புத்தகத்தை இரவல் வாங்கி முதல் பக்கத்தை மட்டும் படித்தார். அதற்கு மேல் படிக்கத் தேவை இருக்கவில்லை.

மறுநாள் சபைக்கு மூன்று சாட்சிகள் வந்தார்கள். பானைத் தண்ணீரில் ஒரு கெண்டை மீன். கிருபை வீட்டுச் சேவல். வண்ணாரிடம் கேட்டு வாங்கிய ஒரு கழுதை.

"மனிதனை உண்டாக்குவோம் என்று பேசும்போது மனிதன் ஏது, மகாராஜா? இவர்கள் புத்தகப்படி மீனும் பறவையும் ஐந்தாம் நாள். மிருகங்கள் ஆறாம் நாள். மனிதன் அதற்கும் பிறகு. அந்தப் பேச்சு நடந்தபோது பூமியில் இருந்தவர்கள் இவர்கள்தான்" என்றார் குழைக்காதர்.

"இந்தக் கழுதையா?"

"இதன் முன்னோர். சாட்சி இறந்துபோனால் வாரிசு சொல்லலாம் என்று போன வருஷம் தாங்களே தீர்ப்பளித்தீர்கள்."

ராஜா யோசித்தார். அளித்தது உண்மைதான். விசாரணை தொடங்கட்டும் என்றார்.

மீன் தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து திறந்து மூடியது. சேவல் தரையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. மாசிலாமணி உபதேசியார் இருபத்திரண்டு பக்கக் குறிப்போடு கழுதைமுன் நின்று, பேசியது மூவர்தானே என்று மரியாதையாகக் கேட்டார். கழுதை குறிப்பில் ஏழு பக்கத்தைத் தின்றது. சுவிசேஷமுத்து உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முறை வந்தபோது அவருடைய குறிப்பையும் தின்றது. கழுதை எங்கேயாவது பேசுமா என்று அவர் புலம்பினார். உங்கள் புத்தகத்தில் ஒரு கழுதை பேசியிருக்கிறதாமே என்றார் குழைக்காதர்.

மத்தியானமும் ஆகிவிட்டது. குழைக்காதர் எழுந்தார்.

"மகாராஜா, அங்கே இருந்தவர்கள் வம்சத்தில் ஒருவரும் பேச வாயைத் திறக்கவில்லை. அங்கே இல்லாத இருவர் ஏழு மாதமாக வாயை மூடவில்லை. இவர்கள் தடைக்குச் சாட்சி கிடையாது."

தடை செல்லாது என்றார் ராஜா. மூன்றாம் ஓலையை இருவரும் சேர்ந்து அங்கேயே வாசிக்க வேண்டியதாயிற்று. "தடை சொல்பவர் உண்டா?" என்று முடித்தார்கள்.

அப்போது பார்த்து, காலையிலிருந்து தின்ன மட்டுமே வாய் திறந்த கழுதை கூரை அதிரக் கத்தியது.

கிருபைக்கு உயிரே போய்விட்டது. ராஜா சிம்மாசன நுனிக்கு வந்துவிட்டார். "சாட்சி பேசிவிட்டது. என்ன சொல்கிறது?"

"வேதம் படித்தவர்கள் சொல்லட்டும். தடை என்றால் இவர்கள் இருவரும் கழுதையை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்" என்றார் குழைக்காதர்.

"ஆமென் என்கிறது, மகாராஜா" என்றார்கள் உபதேசியார்கள் இருவரும், ஒரே குரலில்.

ஏழு மாதத்தில் ஒரு பேச்சுக்கு அவர்கள் ஒரே அர்த்தம் சொன்னது அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. சாட்சிக்கு வந்த புண்ணியத்தில் சேவலை யாரும் குழம்பு வைக்கவில்லை. கழுதைக்கு ஒரு மரக்கால் கொள்ளும், குழைக்காதருக்குப் புதுத் தலைப்பாகையும் கிடைத்தன.

வெகுநாள் கழித்து ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "குழைக்காதரே, கழுதை கத்தியபோது நீர் அதன் வாலுக்குப் பக்கத்தில் நின்றீரே. உமது கை எங்கே இருந்தது?"

"நல்ல வழக்கு, மகாராஜா. ஆனால் கண்கண்ட சாட்சி ஒருத்திதான். அவள் புருஷனோடு இலங்கைக்குப் போய்விட்டாள்."

ராஜா சிரித்த சிரிப்பில் வாசல் கல் ஆடியதாகச் சொல்கிறார்கள். பார்த்தவர் யாரும் இல்லை.