பொய்யரைக் கடிக்கும் தூண்

பூங்குளத்து ராஜா கோமளேந்திரருக்கு ஒரு வியாதி. யார் எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றும். வெளியே வெயில் அடிக்கிறது என்று சேவகன் சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார். இப்பேர்ப்பட்டவரிடம் பிரதானி தாண்டவமூர்த்தி ஒரு தூணைக் கொண்டுவந்து நிறுத்தினால் விடுவாரா?

தூண் இடுப்பளவு உயரம். சுற்றிலும் பட்டு உறை. உச்சியில் செப்பு வளையம், அடியில் வெள்ளை வளையம். ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் தூண் கடிக்கும்!

"சத்தியம் என்றால் சும்மாவா? குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வந்து செய்வதுதானே நம் வழக்கம்" என்றார் பிரதானி. உடனே லேசாக இருமினார். "பெரிய மனிதர்களுக்குச் சளி பிடித்துவிடும் பாருங்கள். அவர்கள் மட்டும் உச்சந்தலையில் ஒரு துளி தீர்த்தம் தெளித்துக்கொண்டால் போதும்."

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். பிரதானி, தளபதி, வரி வாங்கும் அதிகாரி எல்லாரும் உத்தமர்கள்! தோட்டக்காரன், சலவைக்காரி, பல்லக்குத் தூக்கி எல்லாரும் பொய்யர்கள்! "நான் அப்போதே நினைத்தேன்" என்று ராஜா தலையை ஆட்டிக்கொண்டார்.

இந்த நிலையில் ராஜா சாப்பிடும் தங்கத் தட்டு காணாமல் போயிற்று. மடைப்பள்ளித் தலைவி செண்பகவடிவின் மேல் பழி விழுந்தது. ஈரச் சேலையோடு வந்து, "நான் எடுக்கலே" என்று சொல்லி வாய் மூடவில்லை, தூண் கடித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே போகச் சொல்லி உத்தரவு.

விகடகவி குழைக்காதனுக்கு இது பொறுக்கவில்லை. அவன் சொன்ன விகடத்துக்கு ராஜா சிரிக்காத நாளில் அரண்மனையில் ஒருத்தரும் அவனை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளிலும் இலை போட்டுச் சோறு வைப்பவள் வடிவு ஒருத்திதான். மடைப்பள்ளிக்கு ஓடினான். அவள் அழுதுகொண்டே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தியாக்கா?"

"எடுத்திருந்தா கடிச்சது நியாயம்னு போயிருப்பேன் தம்பி. ஒரு பாவமும் அறியேன். அந்தப் பாழாப்போன தூணுக்கு வாராவாரம் உப்புப் போட்டுப் புளி கரைச்சுக் கொடுத்தவளே நான்தான். அபிஷேகம்னு சொல்லிப் பிரதானியே வந்து வாங்கிட்டுப் போவார்."

"புளியா! எந்தச் சாமிக்கு அக்கா புளியில் அபிஷேகம் பண்றாங்க?"

உண்ட மயக்கத்தில் காவலர்கள் சொக்கிக் கிடந்த நேரம் பார்த்துக் குழைக்காதன் சபைக்குள் நுழைந்தான். தூணைப் பிடித்தான். "நான்தான் இந்த நாட்டு மகாராணி" என்று கூசாமல் சொன்னான். தூண் கம்மென்று இருந்தது. கூஜாத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, "என் பெயர் குழைக்காதன்" என்றான். சுரீர்!

"அட படவா!" என்று பட்டு உறையைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

சாயங்காலம் சபை கூடியது. வடிவு மூட்டையோடு ஓரமாக நின்றாள். குழைக்காதன் ஒரு பெரிய பன்னீர்ச் செம்போடு வந்தான்.

"மகாராஜா, தட்டுத் திருடியைப் பிடித்தால் போதுமா? ராஜத்துரோகி யாராவது இருந்தால்? தூணைத் தொட்டு எல்லாரும் 'கோமளேந்திரரே எங்கள் ராஜா' என்று ஒரு வார்த்தை சொல்லட்டுமே."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். குழைக்காதன் ஒவ்வொருவர் கையிலும் பன்னீரைத் தாராளமாக ஊற்றினான்.

முதலில் தளபதி வந்தார். "கோமளேந்திரரே எங்கள்... ஆ!"

வரி அதிகாரி வந்தார். "கோமளேந்திரரே... அம்மாடி!"

அடுத்தடுத்து வந்தவர்களும் அலறினார்கள். ராஜாவின் மீசை துடித்தது. பிரதானி மட்டும் அங்கவஸ்திரத்துக்குள் கையை விட்டு, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தார். கணீரென்று சொன்னார். தூண் கடிக்கவில்லை.

"என் விசுவாசம் தூணுக்குத் தெரியும்" என்று புன்னகைத்தார்.

"மற்றவர்கள் எல்லாரும் துரோகிகளா! பிடியுங்கள் இவர்களை!" என்று கத்தினார் ராஜா.

"பொறுங்கள், மகாராஜா. தாங்களும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்" என்று அவர் கையிலும் பன்னீரைக் கொட்டினான் குழைக்காதன்.

"நானே இந்த நாட்டு ராஜா... ஐயோ!"

ராஜா கையை உதறிக்கொண்டு தூணை முறைத்தார்.

"தூண் சொல்வது மெய் என்றால் தாங்கள் ராஜா இல்லை" என்றான் குழைக்காதன் பணிவாக. "தாங்கள் ராஜா என்றால் தூண் சொல்வது பொய். எதை வைத்துக்கொள்வது?"

ராஜா இதற்கு அதிக நேரம் யோசிக்கவில்லை. "தூண்தான் பொய்! ஆனால் ஏனடா கடிக்கிறது?"

குழைக்காதன் உறையை உருவினான். உள்ளே ஒரு துத்தநாக வில்லை, ஒரு செப்பு வில்லை, நடுவே புளியில் ஊறிய துணி. அதன் மேல் அதே மாதிரி இன்னொரு ஜோடி, அதன் மேல் இன்னொன்று என்று உச்சி வரை அடுக்கு.

"இந்த வெள்ளைத் துத்தநாகம் புளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, மகாராஜா. பாருங்கள், அரித்துப் பொத்தலாகிவிட்டது. கரையும்போது அதிலிருந்து ஒரு வேகம் கிளம்பிச் செம்பிடம் போய்ச் சேரப் பார்க்கிறது. இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் இந்த ஓட்டம் கிடையாது. ஒரு ஜோடியின் வேகம் எறும்புக்கடி கூட இல்லை. இத்தனை ஜோடி சேர்ந்தால் சுரீர் என்கிறது. அது ஓட வழி நம் உடம்புதான். இரண்டு கையாலும் பிடித்தால்தான் வழி உண்டு. காய்ந்த தோலில் அது சுலபமாக நுழையாது. ஈரத்தில் ஓடும். குளத்தில் முழுகி வந்த ஏழைகளை எல்லாம் கடித்தது அதனால்தான்."

"அப்படியா! பிரதானியைக் கடிக்கவில்லையே?"

"அவர் கையைத் துடைத்துக்கொண்டாரே! ஈரம் இருந்தால் கடிக்கும் என்பது இந்தச் சபையில் வேறு யாருக்குத் தெரியும்?"

ராஜா மெல்லத் திரும்பினார். "தாண்டவமூர்த்தி, தட்டைப் பற்றி நீரும் ஒரு சத்தியம் செய்யும். சளியாவது கிளியாவது! இவரைக் குளத்தில் நன்றாக முக்கி எடுத்து வாருங்கள்!"

சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தூணை நோக்கி இரண்டு சேவகர்கள் அவர் கையை இழுத்தார்கள். தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

"வேண்டாம்! வேண்டாம்! தட்டு என் வீட்டு நெற்குதிருக்குள்ளே இருக்கிறது!"

வடிவு மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானியின் அங்கவஸ்திரத்தை உருவி அங்கேயே குழைக்காதனுக்குப் போர்த்தினார். அவன் தூணைத் தட்டிக் கொடுத்தான்.

"இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மகாராஜா. இத்தனை நாள் எத்தனையோ பேரைக் கடித்தும் ஒரு உண்மை வரவில்லை. இன்றைக்குக் கடிக்காமலே வரவழைத்துவிட்டதே!"