கை கூப்பிய இறாலும் முள் புழுவும்

ஒரு வீட்டுக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள், பவளப் பாறைகளுக்கு நடுவே, ஒரு சங்கு நண்டும் ஒரு கோமாளி மீனும் பதினொரு நத்தைகளும் வாழ்ந்து வந்தன.

சங்கு நண்டுக்கு முதுகு மெத்தென்று இருக்கும். அதனால் காலி ஓடு ஒன்றை மாட்டிக்கொண்டு திரியும். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நத்தைகளை எண்ணும். யாரும் கொடுக்காத வேலை. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை, தொட்டிக்காரம்மா புதுப் பாறை ஒன்றை உள்ளே இறக்கினாள். அதன் பொந்துகளில் இரண்டு பேர் ஒளிந்து வந்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது.

அந்தத் தொட்டியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர், முதல் சாப்பாட்டு வேளையில் எல்லார் முன்னாலும் வந்து நின்று, தான் யார் என்று சொல்ல வேண்டும்.

ஓர் இறால் வந்தது. பச்சையும் சிவப்புமாக மினுமினுத்தது. கும்பிடு பூச்சியைப் போல முன்கைகள் இரண்டையும் மார்போடு மடக்கி வைத்திருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்! உங்களை அண்டிப் பிழைக்க வந்தவன் நான். ஒரு மூலை கொடுத்தால் போதும்!"

"என்ன மரியாதை! என்ன மரியாதை!" என்று கோமாளி மீன் வாலை ஆட்டியது.

இன்னொன்று வரவில்லை. பாறை இடுக்கில் வெள்ளை வெள்ளையாக முட்கள் மட்டும் தெரிந்தன.

"யாருய்யா உள்ளே? வெளியே வா!" என்றது நண்டு.

"எனக்கு வெளிச்சம் ஆகாதுங்க. நான் ஒரு புழு. மிச்சம் மீதியைத் தின்கிறவன்."

"உடம்பெல்லாம் முள்ளு! இதில் முகம் காட்ட வெட்கம் வேறயா?"

நத்தைகள் சிரித்தன. புழு இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை பாறைப் பக்கமிருந்து 'டொக்!' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றது நண்டு.

"மோட்டார் சத்தம். அதற்கும் வயசாகுது இல்லையா!" என்றது மீன்.

அன்று மாலை நண்டு எண்ணியது. பத்து. மறுபடி எண்ணியது. பத்துதான்.

புதன்கிழமை மறுபடியும் 'டொக்!' என்றது. மாலையில் ஒன்பது.

வியாழக்கிழமை காலை மணலில் ஒரு நத்தை ஓடு கிடந்தது. அதன் வாசலுக்குள்ளிருந்து முள் வால் ஒன்று வெளியே நீண்டிருந்தது. புழு உள்ளே தின்றுகொண்டிருந்தது.

"பிடித்துவிட்டேன்!" என்று நண்டு கத்தியது. "கொலைகாரன் இவன்தான்!"

புழு ஓட்டிலிருந்து பின்வாங்கி வெளியே வந்தது. "அண்ணே, செத்த பிறகுதான் நான் தின்றேன். நான் வாசல் வழியாக நுழைந்தேன். ஓட்டின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதே, அதைப் பாருங்க! இதை உடைக்க எனக்குக் கை ஏது?"

"வாயைப் பார்!" என்றது மீன். "பாவம், அந்த இறால் தம்பி வந்த நாளிலிருந்து கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. இவனோ பேசியே தப்பிக்கப் பார்க்கிறான்!"

"நீங்கள் எல்லாம் தீர விசாரித்துத்தான் செய்வீர்கள்" என்றது இறால், தலை தாழ்த்தி.

அந்த நத்தை ஓட்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நண்டு புழுவின் வாலைப் பற்றி, கண்ணாடி ஓரம்வரை வெளிச்சத்தில் இழுத்து வந்தது. தொட்டிக்காரம்மா அதைக் கண்டாள். "அய்யோ, முள் புழு!" என்றாள். நீண்ட இடுக்கி உள்ளே இறங்கியது. புழு மேலே போனது. திரும்பி வரவில்லை.

"இனி நிம்மதி!" என்றன ஒன்பது நத்தைகளும்.

அன்று மதியமே 'டொக்!' என்றது.

பழைய பெரிய பாறையின் விளிம்பில் இருந்த நத்தை ஒன்று உருண்டு, ஆழமான இடுக்கில் விழுந்தது. நண்டு எட்டிப் பார்த்தது. ஓட்டின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. சுத்தியலால் அடித்தது போல.

எட்டு.

கோமாளி மீன் மெல்ல, "புழுதான் போய்விட்டதே..." என்றது.

"அண்ணே, இங்கே வாங்க!" என்று பொந்து வாசலிலிருந்து இறால் கூப்பிட்டது. "யாரென்று நான் காட்டுகிறேன்."

நண்டு போனது. பொந்துக்குள் ஒரு காலி ஓடு கிடந்தது. செவ்வாய்க்கிழமை காணாமற்போன நத்தையின் ஓடு. அதிலும் பக்கவாட்டில் அதே ஓட்டை.

"தம்பி, இது..."

இறாலின் கைகள் முதல்முறையாகப் பிரிந்தன.

'டொக்!' நண்டின் ஓடு விரிசல் விட்டது. 'டொக்!' பாதி உடைந்து விழுந்தது. நண்டு ஓட்டை விட்டு உருவிக்கொண்டு, வெறும் முதுகோடு ஓடி ஒரு கல்லுக்குப் பின்னால் பதுங்கியது. 'டொக்!' மூன்றாவது அடி கல்லில் விழுந்தது.

சத்தம் கேட்டுத் தொட்டிக்காரம்மா ஓடிவந்தாள். பொந்துக்குள் பாய்ந்த இறாலைக் கண்டாள். புதுப் பாறையை இறாலோடு சேர்த்து அப்படியே வெளியே தூக்கினாள்.

எட்டு நத்தைகள் மிஞ்சின. ஆனால் இடுக்கில் விழுந்த நத்தை அங்கேயே அழுகியது. சனிக்கிழமைக்குள் தண்ணீர் கலங்கி நாற்றம் எடுத்தது. கோமாளி மீன் மேலே போய் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"யாராவது அதை எடுங்களேன்! மூச்சு முட்டுது! அந்த இடுக்கில் நுழைய யாரால் முடியும்?"

கல்லுக்குப் பின்னாலிருந்து நண்டு சொன்னது: "ஒருத்தரால் முடியும். புழுவால்."

"கூப்பிடேன்!"

"எங்கே கூப்பிட? நான்தானே அதைப் பிடித்துக் கொடுத்தேன், அக்கா."

குற்றவாளியைத் தேடும்போது, யார் கும்பிட்டார், யார் ஒளிந்தார் என்று பார்க்கக் கூடாது. காயம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.