இருவாச்சியைப் பார்க்க வந்த கூட்டம்

மேகம் வந்து உட்கார்ந்து எழுந்து போகிற உயரத்தில் இருந்த ஒரு காட்டில், பூவாலி என்ற மலையணில் வாழ்ந்து வந்தது, குழந்தைகளே. விருந்தினர் என்றால் அதற்கு உயிர். வழிதவறி ஒரு வண்டு வந்தால்கூட, "வா, வா, எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்காமல் விடாது.

ஒருநாள் மலையடிவாரத்திலிருந்து ஒரு முயல் வந்தது. பூவாலி அதற்கு அருவியைக் காட்டியது. ஈரப் பாறையில் மொய்த்துக் கிடந்த நீலப் பட்டாம்பூச்சிகளைக் காட்டியது. பிறகு ஓடையைத் தாண்டிக் கூட்டிப்போய், வானுயர்ந்த ஒரு மரத்தின் அடியில் நிறுத்தியது.

"அதோ, மேலே பொந்து தெரிகிறதா? உள்ளே ஒரு இருவாச்சிப் பறவை இருக்கிறது. முட்டையிடப் போனதுமே வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொண்டுவிட்டது. ஒரு சின்னக் கீறல் மட்டும்தான் திறந்திருக்கிறது."

"ஐயோ! அப்படியானால் அது எதைத் தின்னும்?" என்றது முயல்.

"சத்தம் போடாமல் பார்."

புயல் வருவது போல் இறக்கைச் சத்தம் கேட்டது. பெரிய மஞ்சள் அலகோடு ஆண் இருவாச்சி பறந்து வந்து மரத்தைப் பற்றிக்கொண்டது. தொண்டையில் அடக்கி வைத்திருந்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கீறல் வழியாக ஊட்டியது. முயல் திறந்த வாயை மூட மறந்துவிட்டது.

ஊருக்குப் போன முயல் சும்மா இருக்குமா? பார்த்தவரிடமெல்லாம் சொன்னது. அதன் பிறகு நாலு பேர், ஐந்து பேர் என்று வரத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் நிலக்கடலை, சோளக்கதிர், கரும்புத் துண்டு என்று கையோடு கொண்டுவந்தார்கள். மலையில் விளையாத அந்தப் பண்டங்களைப் பூவாலி காடு முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

துடியன் என்ற கீரிக்கு மட்டும் அது போதவில்லை. அது எதிலும் அவசரக்காரன்.

"அக்கா, நாலு பேர் வந்தாலே இவ்வளவு கடலை. ஊரே வந்தால்?" என்றது.

பூவாலி பதில் சொல்வதற்குள் துடியன் மலையிறங்கி ஓடிவிட்டது. குளக்கரையில் நின்றுகொண்டு, "வாருங்கள்! சுவருக்குள் குடியிருக்கும் அதிசயப் பறவை! இன்றே வாருங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

மறுநாள் கூட்டம் வந்தது. ஆடு, கழுதை, மயில், குரங்கு என்று வரிசை முடியவே இல்லை. இத்தனை விருந்தினரா என்று பூவாலிக்கு முதலில் வால் பூரித்துப் போயிற்று. ஆனால் ஆடுகள் அத்திக் கன்றுகளைக் கடித்தன. கழுதைகள் ஓடைக்கரையை மிதித்துச் சேறாக்கின. மயில், "எனக்குத் தெரியவில்லை, தள்ளு!" என்று அகவியது. குரங்குகள் மரத்தில் பாதி உயரம் ஏறி, வாழைப்பழத் தோலைக் கீழே எறிந்தன.

ஆண் இருவாச்சி பழங்களோடு வந்தது. கூட்டத்தைக் கண்டதும் மரத்தில் உட்காராமல் மேலேயே வட்டமிட்டது. அப்படியே திரும்பிப் போய்விட்டது. சாயங்காலமும் அப்படித்தான். கூட்டம் மரத்தடியிலேயே படுத்துக்கொண்டதால், விடிந்து வந்தபோதும் அதேதான்.

பூவாலிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கிளைக்குத் தாவிக் கீறலைப் பார்த்தது. கிளை அசைந்ததும், இணைதான் வந்துவிட்டது என்று எண்ணி உள்ளிருந்து ஓர் அலகு நுனி வெளியே வந்தது. வாயைத் திறந்து காத்திருந்தது. பிறகு மெல்ல உள்ளே போய்விட்டது. அதற்கும் உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டது. குஞ்சு பொரித்திருந்தது!

பூவாலி கிளையிலிருந்து சரசரவென்று இறங்கியது. நேரே துடியனிடம் ஓடியது.

"துடியா, இவர்களை உடனே அனுப்பு. தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கிறார்கள்."

"பசித்தால் சுவரை உடைத்துக்கொண்டு வரட்டுமே! அதைப் பார்க்க இன்னும் கூட்டம் வரும்."

"தாய் வெளியே வந்துவிட்டால் பாம்பிடமிருந்து குஞ்சை யார் காப்பாற்றுவது?"

துடியன் காதில் வாங்கவில்லை. கடலை மூட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதற்குள் காட்டெருமை கோபத்தோடு வந்து நின்றது. "நகரு பூவாலி. எல்லாரையும் முட்டித் தள்ளுகிறேன். இனி வெளியிலிருந்து ஒரு பூச்சிகூட இந்தக் காட்டுக்குள் நுழையக் கூடாது!"

"பொறு அண்ணே. நீ முட்டினால் ஓடுகிற ஓட்டத்தில் எத்தனை குட்டிகள் மிதிபடும்? இவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் பேசிப் பார்க்கிறேன்."

பூவாலி கூட்டத்திடம் கெஞ்சியது. "இவ்வளவு தூரம் ஏறி வந்தது பார்க்காமல் திரும்பவா?" என்று மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பூவாலி சற்று யோசித்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டது.

"பாவம், வெறும் சேற்றுச் சுவரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். பறவையைப் பார்க்கிற இடம் ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்ப் பாறையில் அல்லவா இருக்கிறது!"

"அங்கே கூட்டிப் போ!" என்றது மயில்.

"எல்லாருக்கும் அது முடியாது. சருகு நொறுங்காமல் நடக்க வேண்டும், வாய் திறக்காமல் உட்கார வேண்டும். உன்னால் ஆகாது மயிலே."

"என்னால் ஆகாதா?" மயில் அலகை இறுக மூடிக்கொண்டது. கழுதை நுனிக்காலில் நடந்து காட்டியது. குரங்குகள் மரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கின. என்னால் முடியும், உன்னால் முடியாது என்று போட்டி போட்டுக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஓசையில்லாமல் ஓடையைத் தாண்டியது.

பாறையில் ஐந்தாறு பேருக்குத்தான் இடம். மற்றவர்களைத் தம் முறை வரும்வரை தூரத்து மூங்கில் நிழலில் உட்கார வைத்தது பூவாலி. காடு அடங்கியது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. வெறுத்துப்போய் வேறெங்காவது பறந்துவிட்டதோ? பூவாலி வானத்தையே மாறி மாறிப் பார்த்தது.

அப்போது அந்த இறக்கைச் சத்தம் கேட்டது.

ஆண் இருவாச்சி வந்து உட்கார்ந்தது. கீறலுக்குள் ஒரு பழம் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று, மறுபடி ஒன்று. உள்ளிருந்த அலகு அவசர அவசரமாக வாங்கிக்கொண்டது. பாறையில் இருந்த கழுதைக்குக் கண் கலங்கிவிட்டது.

தன் கூட்டத்தைக் காணாத துடியன் சண்டை போடப் பாய்ந்து வந்தது. பூவாலி அதன் வாயைப் பொத்தியது. "உட்கார். பார்."

குழந்தைகளே, குளக்கரையில் தொண்டை கிழியக் கத்திய துடியன் இருவாச்சியை ஒருநாளும் நின்று பார்த்ததே இல்லை! அன்றுதான் பார்த்தது. கொண்டுவந்த சண்டை எங்கே போயிற்று என்று அதற்கே தெரியவில்லை.

அன்று முதல் மரத்தடிக்கு யாரும் போகவில்லை. பாறைக்கு ஐந்தாறு பேராகத்தான் போனார்கள். தின்ற தோலையும் சக்கையையும் அவரவரே எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். காட்டெருமை ஓடைக்கரையில் நின்று காவல் காத்தது. முறைப்படி ஆளைக் கூப்பிடும் வேலை துடியனுக்கு. அதைக் கிசுகிசுத்தே செய்தது. கூட்டம் வந்த நாட்களைவிடக் கடலை குறைவுதான். ஆனாலும் நாள் தவறாமல் வந்தது, எல்லாருக்கும் போதுமானதாகவும் இருந்தது.

சில வாரங்களில், குஞ்சு நன்றாக வளர்ந்ததும், தாய்ப்பறவை சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஒரு காலையில் குஞ்சும் வந்தது. தள்ளாடித் தள்ளாடிப் பறந்து, பாறைக்கு மேலிருந்த கிளையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் உற்றுப் பார்த்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

"அக்கா," என்று துடியன் பூவாலியின் காதருகே வந்தது. "ஒரே ஒரு தடவை கத்தட்டுமா?"

"கூடாது."

இரண்டும் சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

நீதி: அழகான இடத்தைப் பார்க்கப் போனால், அங்கே வாழ்பவர்களின் வாழ்வு கெடாமல் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.