குயவர் தெருவில் கூடிய சபை

கரைநல்லூர் அரசர் வல்லபராயருக்கு மழை என்றாலே கவலைதான். முன்பெல்லாம் ஐப்பசி முழுக்கப் பெய்த மழை, இப்போது ஒரே பகலில் கொட்டிவிட்டுப் போகிறது. குயவர் தெரு ஆண்டுதோறும் மூழ்கியது.

"நகரைக் காக்கத் திட்டம் தீட்டுங்கள்" என்றார் அரசர்.

அமைச்சர் திருமலையப்பர் குன்றின்மேல் இருந்த அரண்மனையை விட்டு இறங்காமலே முந்நூறு ஓலை எழுதினார். சாரம் ஒன்றுதான்: குயவர் தெருவை இடித்து, நூறு குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்புவது.

விகடகவி சொக்கேசன் நேரே குயவர் தெருவுக்குப் போனான். சூளையருகே குயவர் வீட்டுப் பொன்னாயி பொரிந்து தள்ளினாள்.

"தண்ணி வர்றது புதுசா சாமி? முன்னயும் வந்துச்சு, வாய்க்கால்ல ஓடிப் போச்சு. இப்போ மந்திரி தோட்டத்துச் சுவரு வாய்க்கால அடைச்சு நிக்குது. அதை யாரு போய்ச் சொல்றது?"

சொக்கேசன் அரசரிடம் வந்தான்.

"மன்னா, மண்ணைப் பற்றிய ஆணையை அந்த மண்ணில் வைத்துத்தானே படிக்க வேண்டும்? நம் வழக்கம்."

அந்த வழக்கத்துக்கு ஒரு வாலும் உண்டு. முரசு அடித்துவிட்டால், கடைசி ஓலை முடியும்வரை சபையோர் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது.

"சரி, சபை கூடும் நாளை நீயே குறி" என்றார் அரசர். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறிய நாளாகப் பார்த்துக் குறித்தான்.

குயவர் தெருவில் சபை கூடியது; முரசு ஒலித்தது. அமைச்சர் படித்தார். பத்தாவது ஓலையில் மழை பிடித்தது. இருபதில் அரசரின் கணுக்கால் நனைந்தது. முப்பதில் அமைச்சரின் முழங்கால் மறைந்தது.

"சொக்கேசா, இந்தத் தண்ணீர் எப்போதுதான் வடியும்?"

"பதற வேண்டாம் மன்னா. வடிகால் பற்றி இருநூற்றுத் தொண்ணூறாம் ஓலையில் வருகிறது."

"வேகமாகப் படியும் ஐயா!" என்று அமைச்சர்மேல் பாய்ந்தார் அரசர்.

தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அமைச்சருக்கு நீச்சல் தெரியாது. ஓலைக்கட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அலறினார்.

"என் சுவரை இடியுங்கள்!"

குயவர்கள் கடப்பாரையோடு ஓடினார்கள். சுவர் சரிந்தது. வெள்ளம் வாய்க்காலில் பாய்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்தது.

"மிச்ச ஓலைகள்?" என்றார் அரசர்.

"எதற்கு மன்னா? முந்நூறு ஓலையில் சொல்லாததை அமைச்சர் மூன்றே சொல்லில் சொல்லிவிட்டாரே!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசனுக்குப் போட்டார். தெருவை இடிக்கச் சொன்ன ஆணையை அங்கேயே முறித்துப் பொன்னாயியின் சூளையில் போடச் சொன்னார்.

"ஈரமா இருக்கு ராசா, எரியாது. காயவெச்சுப் போட்டுக்கறேன்" என்றாள் அவள்.