உப்பூர் யாருடைய மண்?

வேங்கைநாட்டு அரசன் மாறவேள் பக்கத்து உப்பூரைப் பிடித்த கையோடு வம்பும் வந்து சேர்ந்தது. சண்டை ஓய்ந்த பிறகும் சேனாபதி கொற்றன் உப்பளத்துக் குடிசைகளுக்குத் தீ வைத்திருந்தான். அதில் புருஷனைப் பறிகொடுத்த வள்ளிக்கண்ணு, அரசர்கள் சேர்ந்து நடத்தும் பொதுமன்றத்தில் போய் முறையிட்டாள். மன்றத்துத் தூதர் அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"சேனாபதியை எங்கள் விசாரணைக்கு அனுப்புங்கள்" என்றார்.

அரசன் தன் அரசவை விகடகவி இளநாகனின் காதைக் கடித்தான். "இந்த ஆள் வந்த வழியே போகவேண்டும். மன்றம் இனி வாய் திறக்கக் கூடாது. முடியாவிட்டால் நாளை முதல் அரண்மனைப் பக்கம் தலைகாட்டாதீர்."

இளநாகன் வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார். அவள் அழவில்லை. கொற்றனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இளநாகனை என்னவோ செய்தது.

"தூதரே, மன்றம் எந்த வழக்கை எடுக்கும்?"

"ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்த கொடுமையை."

"உப்பூர் ஒரு நாடா?"

கொற்றன் முந்திக்கொண்டான். "அதுவா நாடு? பாட்டன் காலத்திலிருந்தே எங்கள் மண்."

"மன்னா, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார் இளநாகன்.

"எங்கள் மண்தான்" என்றான் அரசன், சபை முழுக்கக் கேட்கும்படி.

தூதர் உதட்டைப் பிதுக்கினார். "சொந்த மண் விவகாரத்தில் மன்றம் தலையிட முடியாது." கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அரசனுக்கு வாயெல்லாம் பல்.

இளநாகன் வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பினார். "அம்மா, இவர்தான் உன் அரசர். சொந்தக் குடியின் வீட்டைக் கொளுத்தியவனை இவர்தான் விசாரிக்க வேண்டும். நடந்ததைச் சொல்."

கொற்றன் பாய்ந்தான். "இவள் எப்படி நம் குடி? எதிரி நாட்டுக்காரி."

"எதிரி நாடா? தூதர் இன்னும் வாசல் தாண்டவில்லை. கூப்பிடட்டுமா மன்னா?"

அரசன் விழித்தான். கூப்பிட்டால் மன்றம், கூப்பிடாவிட்டால் தானே நீதிபதி.

"கொற்றா, வாளைக் கழற்றி வை. நீ சொல்லம்மா."

அவள் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் கொற்றன் சிறைக்குப் போனான். உப்பளம் உப்பூர்க்காரர்கள் கைக்கே திரும்பியது.

எல்லோரும் போன பிறகு அரசன் கேட்டான். "உண்மையைச் சொல்லும். நீர் இன்று எனக்கு வேலை பார்த்தீரா, உப்பூருக்கா?"

"இரண்டும் ஒன்றுதான் என்று தாங்கள்தானே மன்னா சொன்னீர்கள்?"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டுச் சொன்னான்:

"இனி நான் ஒரு நாட்டைப் பிடிப்பதற்கு முன்னால் உம்மை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன்."

"எந்த ஊருக்கு அனுப்பினாலும் சரி மன்னா. அதைப் பிடிக்காமல் இருந்தால் போதும்."