நானூறு பெட்டியும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்

"எந்தப் பசை நல்ல பசை?" என்று கேட்டார் திருமேனி.

"எதுக்கு?" என்றாள் ஜெனோவா.

"எதுக்குன்னா? ஒட்டத்தான்."

அவள் குனிந்து, கையிலிருந்த வேலையைப் பார்த்தாள்.

தூத்துக்குடியில் விசைப்படகுகளின் வயர்லெஸ்ஸைப் பழுது பார்ப்பவள் அவள். வயது முப்பத்திரண்டு. திருமேனிக்கு ஐம்பத்தைந்து. கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். தன் மகள் வயதுக்காரியிடம் போய்ப் பாடம் கேட்பது அவருக்குக் கசந்தது. ஆனாலும் வந்திருந்தார். வரவைத்தவை அவர் கம்பெனி செய்த மூன்று பெட்டிகள்.

கடலில் ஆபத்து என்றால் பெட்டியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கரைக்குச் செய்தி போகும். சோதனைக்கு முப்பது பெட்டி கொடுத்ததில் மூன்று ஊமையாகிவிட்டன. அதில் ஒன்றை நம்பி அழுத்தியவர் ஒன்றரை நாள் கடலில் மிதந்தார். வேறொரு படகின் கண்ணில் பட்டதால் பிழைத்தார்.

"தண்ணி போயிருக்கும்னு முதலாளி சொல்லுதாரு. போகல. மூணு நாள் டிரம்முல முக்கி வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு உள்ள இறங்கல. அடைப்புல மட்டும் எவனும் என்னைக் குறை சொல்ல முடியாது."

"எத வச்சு அடைச்சீங்க, அண்ணாச்சி?"

பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து வைத்தார். மீன் தொட்டிக்கும் பாத்ரூம் கண்ணாடிக்கும் பூசுகிற சிலிக்கான்.

"ஹார்டுவேர் கடையில இருக்கதுலயே இதான் கெட்டி."

அவள் கொஞ்சம் பிதுக்கி முகர்ந்தாள். வினிகர் நெடி மூக்கில் ஏறியது.

"காயுற வரைக்குந்தான் அடிக்கும். பெறகு போயிரும்" என்றார்.

"எங்க போவும்?"

"எங்கயாவது போவும். வாசம் எங்க போவுதுன்னு எவன் பாத்தான்?"

"உங்க சோத்து டப்பாவக் கொடுங்க."

கொடுத்தார். பெட்டிக்குள் ஓடும் கம்பிக்கு ஈடாக அவள் ஒரு செம்புத் துண்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். டப்பாவுக்குள் அதை வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் சிலிக்கானைப் பிதுக்கினாள். கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு ஈடாக ஒரு நனைந்த துணித்துண்டு. மூடியை அழுத்தி மூடினாள்.

"ஏழு நாள் கழிச்சு இங்க வந்து திறங்க."

"மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கு. அத்தனை படகும் கடலுக்குப் போவும். நானூறு பெட்டி அடைச்சு அடுக்கியாச்சு."

"அப்ப ஏழு நாள் இருக்குல்லா."

ஏழு நாளும் திருமேனி பொட்டலச் சோறு தின்றார். டப்பா எங்கே என்று மனைவி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் வெவ்வேறு பொய் சொன்னார்.

ஏழாம் நாள் வந்து திறந்தார்.

செம்பு பச்சையாகிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். விரலில் பொடி ஒட்டியது.

விரலைச் சட்டையில் துடைத்தார்.

"வெளியில இருந்து ஒண்ணும் போகல" என்றார் கடைசியில். "செம்பை அரிச்சது அந்த நெடிதான். அத உள்ள வச்சு மூடுனது நான்தான்."

அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தார்.

"நெடி இல்லாத சிலிக்கான் இருக்கு. சர்க்யூட் போர்டுக்குன்னே செய்தது. இனிமே அதத்தான் வாங்கணும்" என்றார்.

"இனிமே சரி" என்றாள்.

அவள் கேட்காமல் விட்டது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"நானூறையும் பிரிச்சுச் சுத்தம் பண்ண ஒரு மாசம் ஆவும். முதலாளி ஒத்துக்கிட மாட்டாரு. எல்லாம் டிரம்முல தேறின பெட்டி. நாளைக்கு லாரி வருது. ஸ்டாம்ப் குத்த மாட்டேன்னு சொன்னா என்னை வெளிய அனுப்புவாரு. இந்த வயசுல எவன் வேலை தருவான்? நான் என்னம்மா செய்ய?"

ஜெனோவா டப்பாவை எடுத்தாள். பச்சைச் செம்பை வெளியே எடுக்கவில்லை. அப்படியே மூடினாள். வாளித் தண்ணீரில் முக்கினாள். எடுத்துத் துடைத்தாள். டப்பா புதிதுபோல் மின்னியது. அதை அவர் கையில் வைத்தாள்.

"தேறிருச்சு, அண்ணாச்சி."

திருமேனிக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை லாரி வந்து நின்றது. முதலாளி கோமதிநாயகம் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். கண்ணாடி மேசை மேல் ஒரு தாள். அதில் 'தேறியது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும். கம்பெனியில் அந்த ஸ்டாம்ப் ஒன்றுதான் உண்டு. அது திருமேனியின் சட்டைப் பையில் இருக்கும். அது விழாத சரக்கை மீனவர் சங்கம் இறக்கிக்கொள்ளாது.

"குத்துங்க, திருமேனி."

திருமேனி டப்பாவைத் திறந்து வைத்தார்.

"என்ன இது?"

"நம்ம பெட்டிக்குள்ள நடக்குறது."

"தண்ணி போயிருக்கா?"

"போகல."

"அப்ப குத்துங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"கடல்ல பொத்தானை அழுத்தப் போறது நீங்க இல்ல, முதலாளி."

முதலாளியின் முகம் சிவந்தது. "குத்த வேற ஆள் இருக்கு. ஸ்டாம்ப இங்க வச்சிட்டுக் கெளம்பும்."

"வைக்கேன்."

திருமேனி பையிலிருந்து டியூபை எடுத்தார். மிச்சமிருந்த சிலிக்கான் முழுவதையும் ஸ்டாம்பின் முகத்தில் பிதுக்கினார். அதைக் கவிழ்த்து மேசைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். ஏ.சி. அறை முழுக்க வினிகர் நெடி பரவியது.

"என்னய்யா பண்ணுத?"

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். திருமேனி இன்னொரு கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணாடிக்கு இது நல்ல பசை, முதலாளி. காய ஒரு நாள் ஆவும். அது வரைக்கும் நான் கைய எடுக்கப் போறதில்ல."