முதுகில் பட்ட காற்று

பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நம்மைப் பிடிக்கவில்லை என்றுதானே? சடைச்சி என்ற மடையான் கொக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

சடைச்சி பிறந்து வளர்ந்தது ஒரு சின்னக் குட்டைக்கரையில். மொத்தமே பத்துப் பதினைந்து குடும்பம். விடிந்தால் மைனா வந்து, "நல்லாத் தூங்குனியா?" என்று கேட்கும். தவளைகூடத் தள்ளி நின்று நலம் விசாரிக்கும். ஒருவர் கூட்டை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த வருசம் மழை பொய்த்தது. குட்டை வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. முட்டையிடும் காலம் நெருங்கியதால் சடைச்சியும் அவள் வீட்டுக்காரனும் பெரிய ஏரிக்குப் பறந்து வந்தார்கள்.

ஏரியின் நடுவே கருவேல மரங்கள் அடர்ந்த திட்டு ஒன்று இருந்தது. கொம்புக்குக் கொம்பு கூடு. நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று ஆயிரம் குடும்பம். ஒரு சிறகை விரித்தால் அடுத்த கூட்டில் இடிக்கும். அவ்வளவு நெருக்கம், அவ்வளவு இரைச்சல்.

சடைச்சி ஒரு கொம்பில் இறங்கி, "நாங்க குட்டைக்கரையில இருந்து வர்றோம். எல்லாரும் சௌக்கியமா?" என்று உரக்கக் கேட்டாள்.

ஒருவரும் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்கொம்பில் இருந்த நத்தைகுத்தி நாரை சங்கையா, தன் அலகை ஒரே ஒரு முறை தட்டினார். டக்!

ஆயிரம் கூடும் சட்டென்று அமைதியாகிவிட்டது. இலை அசைகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து சங்கையா இரண்டு முறை தட்டினார். டக் டக். மறுபடியும் இரைச்சல் தொடங்கியது.

'நான் பேசினது அவருக்குப் பிடிக்கல போல' என்று சடைச்சி ஒடுங்கிப்போனாள்.

பக்கத்துக் கூட்டில் ஒச்சம்மா என்ற நீர்க்காகம் தன் குஞ்சுகளோடு இருந்தது. "இந்தக் கொம்பு காலியாத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டது. அன்று முதல் முதுகுதான். சடைச்சி கூடு கட்டி, மூன்று முட்டை இட்டு, அடைகாக்க உட்கார்ந்த பிறகும் முதுகுதான். இரண்டு கூடுகளும் ஒட்டி இருந்ததால் ஒச்சம்மாவின் முதுகு சடைச்சியின் முதுகில் உரசும். முகத்தை மட்டும் காட்டாது.

சடைச்சியும் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன சாப்பாடு?"

"மீனு."

"என்ன மீனு?"

'நீர்க்காகம் மீனைத் தவிர வேற என்னத்தைத் திங்கும்' என்று அந்த முதுகே சொல்வதுபோல் இருந்தது.

வீட்டுக்காரன் விடியலில் இரை தேடப் போனால் வெயில் தாழத்தான் வருவான். பகல் முழுக்க சடைச்சி தனி. தினமும் இரண்டு மூன்று முறை அந்த டக் சத்தம் வரும். ஊரே வாயை மூடும். எதற்கென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் எதிர்க்கொம்பில் ஒரு கூடு காலியாகக் கிடந்தது. முந்தின நாள் வரை அதில் நாலு முட்டை இருந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் ஒரு சொல் பேசவில்லை. சடைச்சி தன் முட்டைகளை வயிற்றுக்கடியில் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் கொம்புக்குக் கீழே இருந்த கொடிப் புதரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த ஊரு தாயி நீ?"

சடைச்சி திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு செம்போத்து நின்றிருந்தது. செம்பழுப்புச் சிறகு, ரத்தச் சிவப்பில் கண். குட்டைக்கரையில் செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று மனிதர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"குட்டைக்கரைங்க" என்றாள்.

"அட, வேப்பமரத்துக் குட்டையா? நானும் அந்தப் பக்கந்தான். என் பேரு மருதப்பன். அங்கெல்லாம் எப்படி இருப்போம்! இங்க பாரு, முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. பெரிய ஊர்க்காரிக திமிரு."

சடைச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் கழித்து ஒரு நல்ல வார்த்தை!

"மேல ஒருத்தர் டக்குனு தட்டுறாரே, அது எதுக்குண்ணே?"

"அந்தக் கிழவனா? புதுசா வந்தவங்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. எத்தனை முட்டை தாயி?"

"மூணு."

"மூணா!" என்ற மருதப்பன் நாக்கைச் சப்புக்கொட்டியது. "நல்லா இருக்கட்டும். நான் வந்துபோறதை அந்த நீர்க்காகத்துக்கிட்ட சொல்லாத. சண்டைக்கு வருவா."

அதற்குப் பிறகு மருதப்பன் தினமும் வந்தது. முதல் நாள் புதரின் அடியில் நின்றது. இரண்டாம் நாள் பாதிக்கொடியில் நின்றது. மூன்றாம் நாள் அவள் கொம்புக்கு நேர் கீழே. சடைச்சிக்கு உள்ளே ஏதோ ஒன்று உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பேச்சுத்துணை விட்டுப்போய்விடுமே என்று அந்த உறுத்தலை அமுக்கிவிட்டாள்.

நாலாம் நாள் அனல் அடித்தது. முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லக் கொத்தும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. இன்றோ நாளையோ குஞ்சு வெளிவரும். சடைச்சிக்குத் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது.

"தண்ணி குடிச்சுட்டு வாயேன் தாயி. பத்தடிதானே. கூட்டை நான் பாத்துக்கிறேன்" என்றது மருதப்பன்.

குட்டைக்கரையில் இப்படிச் சொன்னால் யாரும் யோசிக்கமாட்டார்கள். சடைச்சியும் எழுந்தாள்.

தண்ணீர் ஓரத்தில் இறங்கி ஒரு வாய் குடித்தாள். தலையை நிமிர்த்தினாள். எதிரே அந்தக் கொடிப் புதர். மேலிருந்து பார்த்தபோது பச்சையாகத்தான் தெரிந்தது. கீழிருந்து பார்த்தால் அதன் அடிமுழுக்க முட்டை ஓடுகள். வெள்ளை ஓடு, வெளிர்நீல ஓடு, காய்ந்த ஓடு, இன்னும் ஈரம் காயாத ஓடு. மருதப்பன் தினமும் நின்று பேசிய இடம்.

கத்த வாயைத் திறந்தாள். கால்கள் சேற்றில் புதைந்ததுபோல் நின்றன.

டக்!

ஊர் அடங்கியது. மேலே என்ன நடக்கிறதென்று ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைக் கேட்டதும் சடைச்சியின் சிறகுகளுக்கு உயிர் வந்தது. கிளைகளில் அடிபட்டு, முள்ளில் கீறி, மேலே பறந்தாள்.

அவள் கூட்டின் விளிம்பில் மருதப்பன் நின்றது. அதன் எதிரே, முதல்முறையாக முகத்தைத் திருப்பி, ஒச்சம்மா. இரண்டு சிறகுகளையும் விரித்து, சடைச்சியின் முட்டைகளையும் தன் குஞ்சுகளையும் ஒருசேர மூடிக்கொண்டிருந்தது. ஒரு சிறகிலிருந்து ரத்தம் சொட்டியது.

"நான் காவலுக்குத்தான்..." என்று இழுத்தது மருதப்பன்.

"காவக்காரன் அலகு முட்டைமேல என்னத்துக்குடா இருக்கு?" என்றது ஒச்சம்மா.

மருதப்பன் பாய்ந்தது. ஒச்சம்மா கொத்தியது. அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு முட்டை உருண்டு, கூட்டின் விளிம்பைத் தாண்டி, சளப்பென்று தண்ணீரில் விழுந்தது. சடைச்சி அலறிக்கொண்டு மருதப்பன்மேல் விழுந்தாள். மேலிருந்து சங்கையா இறங்கினார். நாலு பக்கமும் நாரைகள் வந்து நின்றன. ஒச்சம்மா விட்டுவந்த பக்கத்தை ஒரு அரிவாள்மூக்கன் வந்து பார்த்துக்கொண்டது. அதை யாரும் கூப்பிடவே இல்லை. ஆயிரம் அலகுகள் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்த மருதப்பன், பாதி இறகுகளை இழந்து, கொடிக்குள் விழுந்து ஓடிப்போயிற்று.

டக் டக் என்று தட்டினார் சங்கையா. எல்லோரும் அவரவர் கூட்டுக்குத் திரும்பினார்கள்.

சடைச்சி மீதி இரண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். "நான் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா? நீங்கதான் என்னைப் பாக்கவே இல்லையே" என்றாள்.

"முதுகுல காத்து பட்டுச்சு" என்றது ஒச்சம்மா. "நீ உக்காந்திருந்தா படாது. பட்டதும் திரும்பிட்டேன்."

சடைச்சிக்குப் புரியவில்லை.

"இங்க பாரு. உன் முதுகுப் பக்கம் நீ பாக்க முடியாது. அதை நான் பாக்குறேன். என் முதுகுப் பக்கத்தை நீ பாக்கணும். ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்து உக்காந்து பேசிக்கிட்டு இருந்தா, பருந்து வந்து தூக்கிட்டுப் போயிரும். ஒரு டக் அடிச்சா ஆபத்து. ரெண்டு அடிச்சாப் போயிருச்சு. நீ வந்த அன்னைக்கு உனக்கு மேல பருந்துதான் சுத்துச்சு."

"என்னைத்தான் வையுறாருன்னு நெனச்சேன்."

மேலிருந்து சங்கையா, "உன்னை வையுறதா இருந்தா வாயால வையமாட்டேனா?" என்றார்.

"அவன் தினம் பேசுறது கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சு. யாரோ உனக்கு வேண்டியவங்கன்னு நெனச்சேன். அடுத்த வீட்டுப் பேச்சுல காது கொடுக்கிறது இங்க வழக்கமில்ல." ஒச்சம்மா ரத்தம் வழிந்த சிறகை நீவிக்கொண்டது. "அதுலதான் தப்பாப்போச்சு. நாங்க குஞ்சா இருக்கும்போதே பாத்துப் பழகிட்டோம். புதுசா வந்தவளுக்கு யாராவது சொல்லணுமேங்கிறது ஒருத்தருக்கும் தோணல. ஒரு வாய் வார்த்தை நான் சொல்லியிருந்தா, மூணும் இருந்திருக்கும்."

சடைச்சி ஒச்சம்மாவுக்கு முதுகைக் காட்டி, கொடிப் புதரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகோடு முதுகு உரசியது. கதகதப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு குஞ்சுகளும் ஓட்டை உடைத்து வெளியே வந்தன. அதே நேரம் எங்கிருந்தோ ஒரு புது மடையான் ஜோடி எதிர்க்கொம்பில் இறங்கியது. பெண் கொக்கு மிரள மிரள விழித்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று மெல்லக் கேட்டது. யாரும் திரும்பவில்லை. அதன் முகம் வாடுவதைச் சடைச்சி பார்த்தாள். எழுந்து போகலாமா என்று நினைத்தாள். நேற்றைய பயம் காலைக் கட்டியது.

இனிக்கப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நம்பிவிடக் கூடாது, முகம் பார்க்கவில்லை என்பதற்காக ஒருவரை வெறுத்துவிடவும் கூடாது. ஆனால் புதிதாக வந்தவரிடம் ஊர் வழக்கத்தை எடுத்துச் சொல்லாதவர்களுக்கு அன்பில்லாதவர்கள் என்ற பெயர் வந்தால், அதில் பாதிக் குற்றம் அவர்களுடையதுதான்.

ஒச்சம்மா அன்று தானாகவே முகத்தைத் திருப்பியது. "சடைச்சி, அந்தப் பிள்ளைகிட்டப் போயி எல்லாத்தையும் விவரமாச் சொல்லிட்டு வாத்தா. நீ வர்ற வரைக்கும் உன் கூட்டை நான் பாத்துக்கிறேன்."